குளம்பொலி – 17: குதிரைக் கறி மறுத்த சிப்பாய்கள்

1791 மே மாதக் கடைசி. சீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை வந்துவிட்ட கும்பினித் தளபதி காரன்வாலிஸ், கண்ணம்பாடியில் தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறார். திப்புவிடம் தோற்று அல்ல. அரக்கெரேயில் ஜெயித்த கையோடுதான். மழையும் பட்டினியும் சேர்ந்து அடித்துவிட்டன. பீரங்கி இழுத்த மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. குதிரைகள் எலும்பும் தோலுமாயின.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் 125 வருஷம் தாவி, மெசபடோமியாவின் குத் நகரத்துக்குப் போய்விடும். சேலம் சீமை கும்பினி கைக்கு வந்த 1792 மார்ச் ஒப்பந்தத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள், அது அடுத்த வாரம். குதிரையைத் தின்னலாமா கூடாதா என்ற வழக்கு இந்தியச் சிப்பாயின் தட்டுக்கே வந்து நின்ற கதையை விட்டுவிட்டு மேலே போக மனம் வரவில்லை.

முதல் உலகப் போரில், குத்தில் துருக்கியரின் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படையின் தளபதி மேஜர் ஜெனரல் டவுன்ஷெண்ட். சித்ரால் கோட்டை முற்றுகையில் பெயர் வாங்கியவர், பாஞ்சோ வாசிப்பவர், நெப்போலியன் பித்தர். 1915 டிசம்பரில் கதவு அடைபட்டது. கையிருப்பில் என்ன இருக்கிறது என்று அவர் முதலில் ஒழுங்காக எண்ணிப் பார்க்கவே இல்லை. சாப்பாடு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று கம்பியில்லாத் தந்தி அனுப்ப, மீட்க வந்த படை அவசரப்பட்டு மோதிச் செத்தது. ஜனவரி பிற்பகுதியில் வீடு வீடாகத் துழாவிய பிறகு, குதிரைகளையும் சேர்த்து 84 நாளுக்குத் தாங்கும் என்று புதுக் கணக்குச் சொன்னார்! மீட்புப் படை ஏப்ரலுக்குள் இழந்தது சுமார் 23,000 பேரை.

குதிரைகள் பசியில் ஒன்றின் வாலை ஒன்று கடித்தன. ஆங்கிலேயச் சோல்ஜர்கள் குதிரைக் கறிக்குப் பழகிவிட்டார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியச் சிப்பாய்களில் மிகப் பலர் தொட மறுத்தார்கள். இந்தியாவிலிருந்து மதத் தலைவர்களின் அனுமதி தந்தியில் வந்தது. அப்போதும் அசையவில்லை. காரணம் சாஸ்திரம் மட்டும் இல்லை. ஊருக்குத் திரும்பினால் உறவுக்காரன் வாசலில் ஏற்றமாட்டான், பெண் கொடுக்கவும் எடுக்கவும் வரமாட்டான் என்ற பயம். தந்தி அனுமதி கொடுக்கும், சம்பந்தம் பேசுமா? காட்டுக் கீரையைப் பறித்து வேகவைத்தார்கள். அதில் விஷக் கீரையும் இருந்தது. பசி தெரியாமலிருக்க அபின் விழுங்கினார்கள். ஏப்ரலில் டவுன்ஷெண்ட் பதவியைக் காட்டி மிரட்டிய பிறகே ஆயிரக்கணக்கானோர் வாய் திறந்தனர். அதற்குள் உடம்பில் சத்து இல்லை. ஏப்ரல் 29இல் சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள்.

இந்தியர்கள் சாப்பிட்டிருந்தால் இன்னும் தாக்குப்பிடித்திருக்கலாம் என்று வெள்ளைக்காரர் எழுதிய வரலாறுகளில் பெருமூச்சு கேட்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. கணக்கைத் தப்பாகச் சொன்ன தளபதியை விட்டுவிட்டு, கறியை மறுத்தவனைக் குற்றவாளியாக்குவது என்ன நியாயம்? டவுன்ஷெண்டின் நாய் ஸ்பாட் துருக்கியர் அனுமதியோடு பத்திரமாகப் பிரிட்டிஷ் பக்கம் போய்ச் சேர்ந்தது. அவர் இஸ்தான்புல் அருகே தீவு பங்களாவில் சௌகரியமாக இருந்தார். சிப்பாய்கள் பாலைவனத்தில் நடந்தே செத்தார்கள்.

ஐரோப்பாவில் இந்த வழக்கு பழசு. 732இல் போப் மூன்றாம் கிரிகோரி, குதிரை தின்னும் வழக்கத்தை ஒழிக்கச் சொல்லி மதபோதகர் போனிபேசுக்குக் கடிதம் எழுதினார். 1866இல் பிரான்ஸ் அதைச் சட்டப்படி அனுமதித்தது. அமெரிக்காவில் டெக்சாஸின் 1949ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லினாயின் புதுச் சட்டமும் சேர்ந்து, கடைசி மூன்று குதிரைக் கசாப்புக் கூடங்களை 2007இல் மூடவைத்தன. குதிரைகள் பிழைத்தனவா? லாரி ஏறி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போய் அங்கே வெட்டுப்பட்டன.

நம் பக்கம் பேச்சே எழவில்லை. தமிழ்நாட்டின் 1958ஆம் வருஷத்து விலங்குப் பாதுகாப்புச் சட்டம் மாடு, எருமையோடு நிற்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 விதிகளில் கறிக்கான விலங்குகள் வரிசையில் ஆடு, மாடு, பன்றி உண்டு, குதிரை இல்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குச் சேலம், நாமக்கல்லிலிருந்து போகிறவர்கள் சுழி பார்ப்பார்கள், நடை பார்ப்பார்கள். கிலோ என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை.

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பாண்டிய நாட்டுக்கு வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் கப்பலில் வந்த குதிரைகளில், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று மார்க்கோ போலோ எழுதினார். தின்று தீர்க்கவில்லை, பராமரிக்கத் தெரியாமல் சாகவிட்டோம். ஜட்கா ஓய்ந்த பிறகு நம் ஊர்க் கிழட்டுக் குதிரைகள் தெருவில் குப்பை மேய்ந்ததைச் சேலத்துப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். வெட்டாதே என்று சட்டம் போடுவது சுலபம். வேலை ஓய்ந்த குதிரைக்குக் கொள்ளும் வைத்தியமும் யார் செலவு என்று எழுதாத சட்டம், என்னைக் கேட்டால், டவுன்ஷெண்டின் முதல் கணக்கைப் போன்றதுதான்.

(தொடரும்)