இடுப்பளவு இதயத்தோடு சேர்ந்த கதை

லண்டன் பேருந்து ஊழியர்களுக்கு அன்று நிர்வாகமே சீருடை கொடுத்தது. யாருக்கு எந்த அளவுக் கால்சட்டை என்பது பதிவேட்டில் இருந்தது. 1950-களில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் அந்த அளவுகளைக் கேட்டு வாங்கினார். அவர் தேடியது மாரடைப்பின் காரணத்தை. அதை ஒரு தையல் பதிவேட்டில் தேடலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. நாள் முழுக்க அளவுப் பட்டியலோடு வாழ்கிற திருப்பூருக்கு இந்தக் கதையை அங்கிருந்து தொடங்குவதுதான் பொருத்தம்.

1953-லேயே மாரிஸ் குழு ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருந்தது. லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் சுமார் 31,000 ஆண் ஊழியர்களை அவர்கள் கவனித்துவந்தார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே வண்டி ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் தினமும் 500 முதல் 750 படிகள் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. உடனே ஒரு மறுப்பு எழுந்தது: ஓட்டுநர்கள் பருமனானவர்களாக இருக்கலாமே, அதனால்தானோ? இதற்கு விடை தேடித்தான் கால்சட்டை அளவுகள். 1956-ல் வந்த கட்டுரை இரண்டு செய்திகளைச் சொன்னது. ஓட்டுநர்களின் இடுப்பளவு உண்மையிலேயே பெரிது. ஆனால் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று எந்த இடுப்பளவை எடுத்து ஒப்பிட்டாலும், ஓட்டுநர்களுக்கே திடீர் மரணம் அதிகம்.

உடல் அசைவு ஒரு கணக்கு, இடுப்பளவு வேறொரு கணக்கு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகிவிடாது. அந்தக் கட்டுரையிலேயே இருந்த இந்தப் பாடத்தை இதய மருத்துவம் நடைமுறைக்குக் கொண்டுவர ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவரைக் கட்டிலிலிருந்து இறக்குவதே பெரிய போராட்டம். நெஞ்சுவலியை முதலில் தெளிவாக விவரித்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்தே கிட்டத்தட்ட குணமான ஒருவரைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்தார். அந்தக் குறிப்பை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. 1930-களில், இதயத் தசையில் ஏற்பட்ட புண் ஆறித் தழும்பாக ஆறு வாரம் ஆகும் என்று உடற்கூறு ஆய்வுகள் காட்டின. அப்படியானால் ஆறு வாரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். சாப்பாட்டைக்கூட ஊட்டிவிட்டார்கள். படுத்தே கிடந்தவர்களின் காலில் ரத்தம் உறைந்தது, அது நுரையீரலுக்குப் போய் அடைத்தது. பிழைத்தவர்களோ படியேறவே பயந்தார்கள்.

பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் அவருடைய மாணவர் பெர்னார்ட் லவுனும் 81 நோயாளிகளை ஆரம்ப நாட்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்து, 1952-ல் அதைக் கட்டுரையாக்கினார்கள். வெறும் நாற்காலி! ஆனால் அன்றைக்கு அது பெரிய துணிச்சல். 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. பால் டட்லி ஒயிட் என்ற இதய மருத்துவர் அவரை நடக்கவைத்தார். அடுத்த ஆண்டே ஐசனோவர் தேர்தலில் நின்று மீண்டும் அதிபரானார். மாரடைப்பு வந்தவர் முடங்கிப்போனவர் என்ற எண்ணத்தை எந்த ஆய்வுக் கட்டுரையையும்விட அந்தத் தேர்தல் அதிகமாக உடைத்தது. கிளீவ்லாந்தில் ஹெர்மன் ஹெல்லர்ஸ்டைன் இன்னொரு கேள்வியைக் கையில் எடுத்தார்: இதயம் பழுதான தொழிலாளி எந்த வேலைக்குத் திரும்பலாம், எவ்வளவு பாரம் தாங்குவார்? அதை அளந்து சொல்லும் முயற்சிகளிலிருந்துதான், மேற்பார்வையோடு உடற்பயிற்சி தரும் இதய மறுவாழ்வு சிகிச்சை உருப்பெற்றது. கூலிக்காரர் வேலைக்குத் திரும்பவேண்டும் என்ற அக்கறையும் இதன் வேரில் இருக்கிறது என்பதை நம் ஊரில் யாரும் மறக்கக் கூடாது.

இந்தச் சிகிச்சை பயன் தருகிறதா என்ற கேள்விக்கு இன்று விடை உறுதியானது. 85 ஆய்வுகளையும் 23,430 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த அலசல், உடற்பயிற்சி மறுவாழ்வு இதயநோய் மரணங்களை நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறது என்கிறது.

ஆனால் எடை? நடந்தால் எடை குறையும் என்று எல்லோருமே நம்பினார்கள், மருத்துவர்கள் உட்பட. அதனால் தனியாக எதுவும் செய்யவில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வழக்கமான மறுவாழ்வுப் பயிற்சி என்பது வாரம் மூன்று நாள், அரைமணி நேரம் போல. அதில் வாரத்துக்குச் செலவாவது 700 முதல் 800 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் கூடாமல் இருந்தாலும் ஒரு கிலோ குறையப் பத்து வாரம் ஆகும். கூடாமல் இருப்பதும் இல்லை. பயிற்சி முடிந்து வரும் வழியில் இரண்டு வடையும் ஒரு டீயும் உள்ளே போனால் அன்றைய கணக்கு நேராகிவிடும். மாரடைப்புக்குப் பிறகு பீடி, சிகரெட்டை விட்டவருக்கு நாலைந்து கிலோ ஏறுவது சகஜம். இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் சில மாத்திரைகளும் கொஞ்சம் எடை போடவைக்கும். நல்ல காரியம் எல்லாம் செய்தும் தராசு முள் மேலேயே போகிறதே என்று மனம் நொந்து பயிற்சியையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. 1966-ல் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் கிடத்தினார்கள். அவர்களுடைய உடல் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகியிருந்தது, உடல் கொழுப்பு இரட்டிப்பாகியிருந்தது. ஆறு மாதம் பயிற்சி கொடுத்ததும் முப்பது வருடத்தில் இழந்த திறன் முழுவதும் திரும்பிவந்தது. எடையில் குறைந்ததோ நாலைந்து கிலோ மட்டுமே.

இதய மருத்துவர்களைத் தயங்கவைத்த இன்னொரு செய்தியும் இருந்தது. 2006-ல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பு, இரண்டரை லட்சம் இதய நோயாளிகளை ஆராய்ந்து, சற்றுப் பருமனானவர்களே கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள் என்றது. அப்படியானால் எடையை ஏன் குறைக்கவேண்டும்? விடை பிறகு தெளிவாயிற்று. நோய் முற்றித் தானாக மெலிகிறவரும், முயன்று எடை குறைக்கிறவரும் அந்தக் கணக்கில் கலந்திருந்தார்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டின் அலசலில், வேண்டுமென்றே எடை குறைத்தவர்களுக்கு இதயப் பாதிப்பு குறைவாகவே இருந்தது.

இனி நம் கதையின் உண்மையான பிறப்பிடத்துக்கு வரலாம். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஏட்ஸ் என்ற இதய மருத்துவர், பருமனான இதய நோயாளிகள் 74 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார். உணவு ஆலோசனை இரு குழுவுக்கும் உண்டு. ஒரு குழுவுக்கு வழக்கமான பயிற்சி. மற்றொரு குழு வாரம் ஐந்து முதல் ஏழு நாள், 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடக்கவேண்டும். வேகம் முக்கியமில்லை, நிதானமாக நீண்ட நேரம் நடந்தால் போதும். வாரத்துக்கு 3,000 முதல் 3,500 கலோரி செலவழிப்பது இலக்கு. ஐந்து மாதத்தில் முதல் குழு 3.7 கிலோ குறைத்தது, நீண்ட நடைக் குழு 8.2 கிலோ. இந்த ஆய்வு 2009-ல் சர்க்குலேஷன் இதழில் வெளியானது. இன்சுலின் வேலை செய்யும் விதமும் ரத்தக் கொழுப்பும் நீண்ட நடைக் குழுவுக்கே அதிகமாகச் சீரடைந்தன. உடற்பயிற்சியோடு எடைக் குறைப்புக்கும் தனி இலக்கு, தனி ஆலோசனை, தனிக் கவனிப்பு வேண்டும் என்ற எண்ணத்துக்கு அழுத்தமான சான்று கிடைத்தது அங்கேதான். 2023-ல் வந்த, எடை குறைக்கும் செமாக்ளூட்டைட் ஊசி பற்றிய ஆய்வு, 17,604 பேரில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 20 சதவீதம் குறைத்துக் காட்டியபோது, எடையைப் புறக்கணிப்பதற்கு இருந்த கடைசிச் சாக்கும் போயிற்று.

நம் உடம்புக்கு வருவோம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் 2004-ல் லான்செட்டில் வந்தது. இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2. நமக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே சேர்கிறது. அதனால்தான் இந்திய மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட வரையறையில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்று இடுப்புச் சுற்றளவு குறிக்கப்பட்டது. அங்குலத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை. பேன்ட் சைஸை வைத்துப் பார்க்காதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டும் பேன்ட் உண்மை சொல்லாது. தொப்புள் மட்டத்தில் இஞ்சி டேப்பைச் சுற்றிப் பார்க்கவேண்டும். கட்டிங் மாஸ்டர் கழுத்தில் தொங்கும் அதே டேப் போதும்.

கொங்கு நாட்டுக்கு இதய சிகிச்சையில் ஒரு பெருமை உண்டு. கோவையைச் சேர்ந்த மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் முன்னின்று, சிறிய மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே வலையாக இணைத்தார்கள். 2,420 நோயாளிகளைப் பார்த்த அந்தத் தமிழ்நாட்டு ஆய்வு 2017-ல் வெளியானது. மாரடைப்பு வந்து ஓராண்டுக்குள் இறப்போர் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். பிழைக்கவைக்கக் கற்றுக்கொண்டோம். பிழைத்தவர் வீட்டுக்கு வந்தபின் என்ன என்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

முயற்சியே இல்லை என்று சொல்லமுடியாது. மருத்துவர் துரைராஜ் பிரபாகரன் தலைமையில் இந்தியாவின் 24 மையங்களில் 3,959 மாரடைப்பு நோயாளிகளுக்கு யோகா அடிப்படையிலான மறுவாழ்வு சோதிக்கப்பட்டு, 2020-ல் முடிவு வெளியானது. மரணமோ மறு மாரடைப்போ குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்புவதும், உடல்நலம் பற்றிய நம்பிக்கையும் கூடின. விலை உயர்ந்த கருவிகள் இல்லாமலே மறுவாழ்வு நடத்தமுடியும் என்பதற்கு இது சான்று.

எடைக்குத் துணை நிற்பது எப்படி என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. சென்னையில் மருத்துவர் மோகனின் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வு, 2016-ல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த பருமனான 578 பேர் அதில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு வாராவாரம் வகுப்பு, மொத்தம் 16 வாரம். உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது இலக்கு, வாரத்துக்கு 150 நிமிடப் பயிற்சி. இட்லியும் சோறும் சாப்பிடுகிற குடும்பத்துக்கு ஏற்றபடி பாடம் அமைந்தது. தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் சேர்க்கப்பட்டது. மூன்று ஆண்டில் சர்க்கரை நோய் வருவது 32 சதவீதம் குறைந்தது. அவர்கள் இதய நோயாளிகள் அல்லர். ஆனாலும் வாராவாரம் யாரோ ஒருவர் எடை பார்த்து, போன வாரம் என்ன ஆயிற்று என்று கேட்பதன் பலத்தை அது காட்டியது.

‘எடையைக் குறைங்க’ என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுப்பதைச் சிகிச்சை என்று நான் ஏற்கமாட்டேன். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் சிங்கர் டெய்லர் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே போகும். ஐயர்ன் மாஸ்டரும் செக்கிங் பெண்களும் நாளெல்லாம் நிற்கிறார்கள். நிற்பதால் கால்தான் வீங்கும். அது நடைப்பயிற்சி ஆகாது. இரண்டு வேளை டீக்கு பன்னோ போண்டாவோ வரும். வேலை முடிந்து வீடு போகும் பெண்ணுக்கு அங்கே இன்னொரு ஷிப்ட் காத்திருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருப்பவர்களிடம் ‘எண்ணெயைக் குறை’ என்று தமிழில் அச்சடித்த தாளைக் கொடுத்து என்ன பயன்? முதலாளிகளும் தப்பவில்லை. காரும் ஏசி அறையும் ராத்திரி பையர் மெயிலுக்குப் பதில் எழுதும் பதற்றமும் அவர்கள் இடுப்பையும் ஏற்றுகின்றன.

ஆனால் உதவிக்குத் தேவையான துண்டுகள் பல இங்கேயே இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, பிசியோதெரபிஸ்டும் வருகிறார். 2023 நவம்பரிலிருந்து நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் மாவட்டம்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காட்டப்பட்டிருக்கிறது. திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதல் இயங்குகிறது. கொள்ளு ரசமும் பச்சைப்பயறு கடைசலும் கம்பங்கூழும் நம் அடுப்புக்குப் புதியவை அல்ல. இவற்றையெல்லாம் மாரடைப்பிலிருந்து மீண்ட ஒருவரைச் சுற்றி இணைக்கிற ஆள்தான் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர், இதயச் செயலிழப்பால் மெலிந்துகொண்டே போகிறவர், வயது முதிர்ந்து தசை கரைந்தவர் எடை குறைக்கப் புறப்படக் கூடாது. பட்டினி கிடந்து குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். எவ்வளவு நடக்கலாம் என்பதை இதய மருத்துவரிடம் கேட்டபிறகே தொடங்கவேண்டும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நின்றுவிட வேண்டும்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டென்ட் வைத்துத் திரும்பும் உங்கள் தொழிலாளிக்கு முதல் ஆறு மாதம் ஒன்றரை ஷிப்ட் வேண்டாம். நடக்க ஒரு மணி நேரம் கொடுங்கள், டீ நேரத்தில் போண்டாவுக்குப் பக்கத்தில் சுண்டலையும் வையுங்கள். மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சீட்டில் இடுப்புச் சுற்றளவை எழுதட்டும், வாரம் ஒருமுறை போன் செய்து கேட்க ஒரு செவிலியரை நியமிக்கட்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நீங்களும் கூடப் போங்கள். இவர் எவ்வளவு நடக்கலாம் என்று கேட்பதோடு, எடை குறைக்க இவருக்கு யார் துணை இருப்பார்கள் என்றும் கேளுங்கள். விடை கிடைக்காமல் எழுந்து வராதீர்கள்.