1900 கோயம்புத்தூர் நிலநடுக்கத்தின் மேல்மையம்: ஒரு மறுவாசிப்பு

1900 பிப்ரவரி 8 அதிகாலையில் தென்னிந்தியாவின் பெரும்பகுதியை அதிரச்செய்த, ஏறத்தாழ 6 ரிக்டர் அளவினதாக மதிப்பிடப்படும் நிலநடுக்கத்தின் மேல்மையம், அதாவது அதிர்வு பிறந்த ஆழ்புள்ளிக்கு நேர்மேலே தரையில் அமையும் இடம், வட அகலாங்கு 10.8, கிழக்கு நெட்டாங்கு 76.8 என்றே அட்டவணைகளில் வழிவழியாக எழுதப்பட்டு வருகிறது. இவ்வெண்களைக் கருவியளவீடுபோலக் கொண்டு அந்நிலநடுக்கத்தைப் பாலக்காட்டுக் கணவாயின் நிலப்பிளவுகளோடு பிணைக்கும் ஆய்வு மரபுக்குப் போதிய சான்று இல்லை.

கொடைக்கானலில் 1899இல் நிறுவப்பட்ட மில்னே அதிர்வுப்பதிவியில் தாள் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே நகர்ந்தது. அட்டவணைப் புள்ளியைப் போல அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் நிகழும் அதிர்வில், முதலில் வரும் அமுக்க அலைக்கும் பின்னர் வரும் குறுக்கலைக்கும் இடைப்பட்ட காலம் ஏறக்குறைய 12 நொடி. அத்தாளில் அது 0.2 மில்லிமீட்டர், கோட்டின் தடிப்பிலேயே மறையக்கூடியது. ஐந்து நொடி பிசகினால் தொலைவு 40 கிலோமீட்டர் பிசகும். தவிர, ஒற்றை நிலையம் தொலைவைச் சொல்லுமேயன்றித் திசையை உறுதியாகச் சொல்லாது.

எனவே அட்டவணையின் அகலாங்கு, நெட்டாங்கு எண்கள், சம அளவில் அதிர்ந்த ஊர்களை இணைத்து வரையப்படும் சம அதிர்வுக்கோடுகளின் நடுவிடமாகவே இருக்க இயலும். சாட்சி சொல்ல யார் எங்கே இருந்தனர் என்பதே இங்கு முதன்மையான வினா. கணவாய் வழியே 1862 முதல் இரயில் ஓடியது. தந்தியும் அஞ்சலும் செங்கல் கட்டடங்களும் அப்பாதையை ஒட்டியே மிகுந்தன. வடக்கே காரமடைக்கு அப்பால், பவானியாற்றைத் தாண்டிய காட்டுச் சரிவுகளில் விரிசல் விடுவதற்குச் சுவரே அரிது. ஆகவே சேதச் செய்திகள் கணவாயில் குவிந்தது, நிலத்தின் இயல்பை விடக் குடியிருப்பின் இயல்பையே கூடுதலாகக் காட்டக்கூடும்.

அட்டவணைப் புள்ளியிலிருந்து காரமடை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதன் அருகே பவானி நறுக்குமண்டலம், அதாவது பண்டைக்காலத்தில் பாறைகள் பக்கவாட்டில் இழுபட்டு நசுங்கிய நெடும்பட்டை, செல்கிறது. மேற்கூறிய சான்றின் பிழையெல்லைக்குள் அதுவும் அடங்கும். தொன்மையான அப்பட்டை இன்று உறங்குகிறது என்னும் மறுப்பு வலுவற்றது. கணவாயை ஒட்டிய கட்டமைப்புகளும் அதே அளவுக்குத் தொன்மையானவையே. உதகை ஏன் பேரழிவைக் கூறவில்லை என்ற வினாவுக்கு, மலைப்பாறை சமவெளி வண்டலைப்போல அதிர்வைப் பெருக்குவதில்லை என்பது ஒருவாறு விடையாகும்.

50 கிலோமீட்டர் சிறு பிழையன்று. வடகிழக்கு ஜப்பானில், கடலடித்தட்டு கண்டத்தின் கீழ் அமிழும் மண்டலத்தில், நிலநடுக்கங்கள் 30 முதல் 40 கிலோமீட்டர் இடைவெளியில் இரு தளங்களாக அமைவது, நெருக்கமான நிலைய வலையமைப்பு வந்த பின்னரே 1970களில் தெளிவாயிற்று; இத்தகைய பிழை இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாகவே கலந்து தெரிந்திருக்கும்.

கொங்கு வட்டாரத்தில் தேவைப்படுவதும் அத்தகைய வலையமைப்பே. அன்னூர், சிறுமுகை, மேட்டுப்பாளையம், காரமடை, வாளையாறு ஆகிய ஊர்களில், சாலையிரைச்சலும் மோட்டார் அதிர்வும் எட்டாத வெறும்பாறையில் கருவிகளைப் பதித்து, அருகருகே நிகழும் சிற்றதிர்வுகளின் அலைவருகை நேரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கணித்தால், அவற்றின் சார்பிடங்கள் மிக நுட்பமாகக் கிட்டும். அப்புள்ளிகள் பவானியை ஒட்டி வரிசையாகுமானால், 10.8 என்ற எண்ணுக்கு அட்டவணையில் நீடிக்க உரிமை இராது.