முந்திரி முதல் கலம் வரை

'இம்மியும் பிசகாமல்' என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். இம்மி என்பது வெறும் உவமைச் சொல் அன்று. அது ஓர் எண். ஒன்றினை 10,75,200 கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறே இம்மி. இத்துணை நுண்ணிய பின்னத்துக்குப் பெயரிட்டு, அப்பெயரை வாய்மொழி வழக்கிலும் விட்டுச்சென்ற நம் முன்னோர், எண்ணைக் கற்ற முறை எத்தகையது? சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு அதனை அறிந்துகொள்ள ஆவல் எழுவது இயல்பே.

திண்ணைப் பள்ளியில் சிறுவன் மணலில் விரலால் எழுதிப் பழகினான். எழுத்தோடு எண்ணும் வந்தது. நெல்லிலக்கம், பொன்னிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகியவை அவன் மனப்பாடம் செய்யவேண்டியவை. நெல்லிலக்கம் முகத்தலளவைக்கு உரியது. 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். வீட்டுக் குதிரையும் களத்துமேட்டுப் பொலியுமே அவனுக்குப் பாடநூலாயின.

பொன்னிலக்கம் பின்னங்களுக்கு உரியது. இங்கே சற்று நின்று பார்ப்பது தகும். ஒன்றை நான்காக வகுத்தால் கால். காலை மீண்டும் நான்காக வகுத்தால் மாகாணி, அதாவது 1/16. இது ஒரு வரிசை. ஒன்றை ஐந்தாக வகுத்தால் நாலுமா. அதை நான்காக வகுத்தால் மா, அதாவது 1/20. இது மற்றொரு வரிசை. 16, 20 ஆகிய இரண்டும் மீதமின்றி வகுக்கும் மிகச் சிறிய எண் 80. அந்த 1/80 பங்குக்குப் பெயர் காணி. மாவோடு காணியைக் கூட்டிப் பாருங்கள். 80இல் நான்கு பங்கும் ஒரு பங்கும் சேர்ந்து ஐந்து பங்கு, அதாவது 1/16. அதுவே மாகாணி! கூட்டல் கணக்கின் விடையைப் பெயருக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கிறார்கள். இதனைக் கண்டபோது நமக்கு வியப்பு மேலிட்டது. மீச்சிறு பொது மடங்கு என்று இன்று பள்ளியில் வரையறை சொல்லிக் கற்பிப்பதை, அந்தச் சிறுவன் வரையறை ஏதுமின்றி நாவிலேயே சுமந்து திரிந்தான்.

காணியில் கால் பங்கு முந்திரி, 1/320. இந்த 320 இரண்டுக்கும் ஐந்துக்கும் இடங்கொடுக்கும்; மூன்றுக்குக் கொடாது. ஒரு பொன்னை மூவர் பங்கிட்டால் ஆளுக்கு 106 முந்திரி போக, இரண்டு முந்திரி எஞ்சும். அதனையும் பங்கிடத்தான் இம்மி வந்தது. 10,75,200 என்னும் எண் மூன்றாலும் வகுபடும், ஏழாலும் வகுபடும். களத்து நெல்லுக்கோ இத்துன்பமே இல்லை. கலம் 96 நாழி. மூவருக்கு ஆளுக்கொரு தூணி.

எண்சுவடி என்பது பெருக்கல் வாய்ப்பாடு. முழு எண்களுக்கு மட்டுமன்றிப் பின்னங்களுக்கும் அதில் வாய்ப்பாடு உண்டு. வாய்ப்பாட்டின் இறுதியில், வந்த விடைகள் அனைத்தின் கூட்டுத்தொகையையும் மனத்தில் இருத்தும் வழக்கம் இருந்தது. ஒன்று முதல் பத்து வரையிலான எண்களின் கூட்டுத்தொகை 55. ஆகவே அவ்வளவில் நாலாம் வாய்ப்பாட்டின் விடைகளைக் கூட்டினால் 220 வரவேண்டும். வராவிடில் இடையில் எங்கோ நாக்குத் தவறியிருக்கிறது. குழிமாற்று நிலம் அளப்போருக்கு உரியது. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடையது ஒரு குழி. இரண்டுக்கிரண்டு நான்கு, மூன்றுக்கு மூன்று ஒன்பது, நான்குக்கு நான்கு பதினாறு என்று அது வளரும். இடைவெளிகள் 3, 5, 7 என ஒற்றைப்படை எண்களாகவே அமைவதைப் புளியங்கொட்டைகளைச் சதுரமாக அடுக்கும் எந்தக் குழந்தையும் காணலாம்.

வெளிநாட்டார் இதனைக் கவனியாமல் இல்லை. 1728இல் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதிய வீரமாமுனிவர், அந்நூலில் தமிழ் எண்களுக்கும் அளவைகளுக்கும் இடமளித்தார். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற சிறுவருக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் நாட்டுப் பள்ளி முறையைக் கண்டு தம் பள்ளியில் கையாண்டார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் விளக்கி 1797இல் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து போன கதை இதுதான்.

ஆனால் இந்தப் பெருமையை மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டால் உண்மைக்குத் துரோகம் செய்தவராவோம். தாமஸ் மன்றோ 1792 முதல் ஏழாண்டுகள் பாரமகால், சேலம் பகுதிகளில் நிலவரி நிர்வாகத்தில் பணியாற்றியவர். பின்னர் சென்னை ஆளுநரான அவர் 1822இல், மாவட்டந்தோறும் உள்ள நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அக்காலத்துச் சேலம் மாவட்டத்தில் மக்கள் தொகை 10,75,985; பள்ளிகள் 333. (தலைக்கு ஓர் இம்மி வைத்தால் ஏறத்தாழ மாவட்டம் முழுவதும் சேர்ந்து ஒன்று!) ஆக, மூவாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஒரு பள்ளி. மாகாணம் முழுவதும் பார்த்தால் ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் மன்றோ எழுதினார். மேல்நிலைக் கூடங்களைச் சேர்த்தால் சேலத்தின் நிலை சற்றே தேறும். ஆயினும் பின்தங்கியே நிற்கும். மைசூர்ப் போர்களில் படைகள் மாறி மாறி மிதித்த மண் இது. அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என எண்ணுகிறோம்.

அப்பள்ளிகளில் பிராமணரல்லாத சிறுவரே பெரும்பான்மையர் என்பதை அக்கணக்கெடுப்பு காட்டியது. 1983இல் தரம்பால் அந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டபோது பலரும் வியந்தனர். ஆனால் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. களத்தில் நெல்லடித்தவர், கூலியை மரக்காலில் வாங்கிய உழைப்பாளி, தீண்டாமைக்கு உட்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் திண்ணை ஏறும் உரிமை பெரும்பாலும் இல்லை. நெல்லிலக்கம் அறிந்தவர் அளந்தார். அறியாதவர் அளந்ததைப் பெற்றுக்கொண்டார். கணக்கப்பிள்ளையின் ஓலையில் மாகாணி காணியாகச் சுருங்கினால் தட்டிக்கேட்க அந்த ஏழைக்கு என்ன வழி இருந்தது? எண் அறிவு ஒரு சிலரின் கைக்கோலாக இருந்தவரை, அதன் அழகு மற்றவருக்கு வினையாகவே முடிந்தது. பிற்காலத்தில் மறைபரப்பாளரும் அரசும் நடத்திய பள்ளிகள் பலகை, பாடநூல், வகுப்பு என்று வந்து எண்சுவடியை ஒதுக்கின. இழப்புத்தான், எனினும் திண்ணைக்கு வெளியே நின்ற குழந்தை உள்ளே வரத் தொடங்கியது அதன் பிறகே என்பதையும் மறைக்கலாகாது.

பழைய ரூபாய் 16 அணா, 192 பை கொண்டது. மூவர் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்தணா நான்கு பை. 1957 ஏப்ரல் முதல் நாள் நூறு நயாபைசா வந்தபோது மூன்றுக்கு மீண்டும் இடமில்லாமற் போயிற்று. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா. காலை விட்டுவிட்டு ஆறு என்றார்கள். நாலணாவை ஒரே நாணயமாகத் தந்தவருக்கு 25 பைசா; ஓரணாவாக நான்கு முறை தந்தவருக்கு 24. சில்லறையில் வாழ்ந்தவருக்கே அந்த ஒரு பைசா நட்டம்.

தமிழக அரசு 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பொருள்களைத் தொட்டும் எண்ணியும் கற்க அதில் இடமுண்டு. நம் பகுதிக் குழந்தைக்குப் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாமக்கல் முட்டை அட்டை ஒன்று போதும். ஐந்துக்கு ஆறாக முப்பது குழிகள். இருவர், மூவர், ஐவர், அறுவர், பதின்மர் என யார் வந்தாலும் உடையாமல் பங்கிடலாம். நால்வர் வந்தால்தான் தலைக்கு ஏழரை.