விளையாட்டுவழிக் கற்பித்தலில் ஆசிரியர் பயிற்சி: உடுப்பிட்டியும் யாழ்ப்பாணமும்

இலங்கையில் விளையாட்டைப் பாடமுறையாகக் கையாள ஆசிரியரைப் பழக்கும் தேவை 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தோடு பரவலானது. 1998இல் கம்பகா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 1999இல் நாடு முழுவதும் தரம் 1இல் தொடங்கிய ஆரம்பக் கல்விக் கலைத்திட்டம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என மூன்று வழிகளை வகுத்தது. தரம் 1, 2 அடங்கிய முதலாம் முதன்மை நிலையில் விளையாட்டு முன்நிற்கும். தரம் 5இல் எழுத்து வேலை மேலோங்கும்.

யாழ்ப்பாண மாவட்டத்தின் உடுப்பிட்டி வடமராட்சிக் கல்வி வலயத்தைச் சேர்ந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் புதிய ஆசிரியர்களை உருவாக்குவது கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி: இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு பாடசாலையில். பயிற்சியின்றிப் பணியில் சேர்ந்தவர்களுக்குக் கோப்பாய் ஆசிரிய கலாசாலை உண்டு. சேவையில் இருப்போருக்கு வலயத்தின் ஆசிரிய ஆலோசகர்கள் செயலமர்வு நடத்துவர்.

ஆசிரியப் பயிலுநர்கள் செய்யும் நுண்முறைக் கற்பித்தலே, உண்மை வகுப்பைப் போலச் செய்து பழகும் ஒரு பாவனைதான். சக பயிலுநர்கள் மாணவராய் அமர்ந்திருக்க, ஒருவர் சில நிமிடம் ஒரே திறனை மட்டும் பழகுவார். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது.

வகுப்புக்கான விளையாட்டைத் தெரிவுசெய்வது கடினமல்ல. கொக்கான் விளையாட்டுக் கற்களைக் கொண்டு கூட்டல் கழித்தல் பழக்கலாம். வகுப்பிலே கடை போட்டு மிச்சக் காசு எண்ண வைக்கலாம். ஆட்டம் முடிந்தபின் என்ன கேட்பது என்பதில்தான் புதியவர் தடுமாறுவார். மிச்சம் ஏன் குறைந்தது, யார் எப்படிக் கணக்கிட்டார் என்ற பேச்சு நடக்காவிட்டால் பிள்ளைகளிடம் எஞ்சுவது ஆரவாரம் மட்டுமே. ஆசிரியர் தாமே ஒருமுறை ஆடிப் பார்த்தால்தான் அந்தக் கேள்விகள் பிறக்கும். வழிகாட்டி நூலை வாசித்து மட்டும் இது வராது.

யாழ்ப்பாணத்தில், தாமே ஆடிப் பார்த்துக் கற்கும் இந்த அறிவு நாடகத்தின் வழியாகவும் வந்தது. 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம் பாடசாலை ஆசிரியராய் இருந்தவர். சிறுவர் நாடகங்களும் எழுதினார். அரங்க விளையாட்டுகளோடு தொடங்கும் நாடகக் களப்பயிற்சிகளில் பங்கேற்றவர்கள் உடலாலும் குரலாலும் கற்றார்கள்.

மேல்வகுப்புகளில் பாவனைக்குப் பழகிய வடிவம் மாணவர் பாராளுமன்றம்: வேட்புமனு, வாக்கெடுப்பு, சபாநாயகர் தெரிவு எல்லாம் உண்டு. விஞ்ஞானத்துக்கு, 2002இல் பௌதிகவியலாளர் காள் வீமன் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கிய ‘ஃபெட்’ (PhET) கணினிப் பாவனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. ஆய்வுகூடம் குறைந்த இடங்களில் மின்சுற்றை இதில் பொருத்திப் பார்க்கலாம்.

விளையாட்டுவழிக் கற்பித்தலுக்குப் பெருந்தடை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. அது நெருங்க நெருங்க, விளையாட்டுக்கென ஒதுக்கிய பாடவேளையைக் கடந்தகால வினாத்தாள்கள் பிடித்துக்கொள்கின்றன; பெற்றோரும் அதையே எதிர்பார்க்கிறார்கள்.