கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்த கதை

போன மாசம் ஒரு ராத்திரி அப்பாவுக்கு மூச்சுத்திணறல். காட்டூர்ல இருந்து திருச்சிக்கு என் பழைய பெட்ரோல் கார்ல கிளம்பினோம். நின்ன இடத்துல நல்லாத்தான் ஓடுச்சு. வேகம் கொடுத்தா மட்டும் திணறிச்சு. அரியமங்கலம் தாண்டுறதுக்குள்ள நின்னே போச்சு. ஆட்டோ பிடிச்சுப் போனதால அப்பா பிழைச்சார்.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்ப அதுல கார்பரேட்டர்தான். பெட்ரோல் பம்புக்கு கால் பார் அழுத்தம் இருந்தாலே போதும், மிச்சத்தை இன்ஜினே உறிஞ்சிக்கும். வெளிநாட்டுல 1967-லயே ஃபோக்ஸ்வாகன் கார்ல பாஷ் கம்பெனியோட மின்னணு இன்ஜெக்‌ஷன் வந்துடுச்சு. நம்ம நாட்டுல அதைப் பரவ வச்சது புகைக் கட்டுப்பாடு. 1999-ல உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால 2000 ஏப்ரல்ல தில்லிக்கு யூரோ 2 கட்டாயமாச்சு. 2005-ல அதே அளவு நாடு முழுக்க வந்துச்சு.

இன்ஜெக்‌ஷன் கார்ல பம்பு பெட்ரோல் டேங்குக்குள்ளயே முங்கிக் கிடக்கும், நம்ம போர்வெல் சப்மெர்சிபிள் மாதிரி. அழுத்தம் ஏறக்குறைய 3 பார். அதாவது தண்ணியை 100 அடி மேல ஏத்துற பலம். அந்த அழுத்தம் இருக்குன்னு நம்பித்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறந்து மூடுது. அழுத்தம் குறைஞ்சா பெட்ரோல் குறையும், இழுவை போயிடும்.

மறுநாள் ஒருத்தர் பார்த்துட்டு இன்ஜெக்டரையெல்லாம் மாத்தணும்னார். மனசு ஒப்பல. எங்க ஊர் பழைய மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவர் முதல்ல சாவியைத் திருப்பி, டேங்குல ரெண்டு செகண்ட் பம்பு சத்தம் வருதான்னு காது கொடுத்தார். வந்துச்சு. அப்ப ஃபியூஸ், ரிலே சரி. பம்புக்கு வர்ற வோல்டேஜையும் பார்த்தார், அதுவும் சரி. அப்புறம் பம்பு ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானா அணையிற வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கினார். அதைச் செய்யாம குழாயைக் கழட்டினா பெட்ரோல் பீய்ச்சி தீப்பிடிக்கும்.

கேஜ் மாட்டி, ஃபியூஸைத் திரும்பப் போட்டு ஓட்டினா ஒன்றரை பார்தான் காட்டுச்சு. டேங்குக்குத் திரும்புற ஹோஸை ஒரு நொடி நசுக்கிப் பார்த்தார். அழுத்தம் எகிறியிருந்தா ரெகுலேட்டர் கோளாறு. எகிறல. அப்ப பில்டர், இல்லன்னா பம்பு. விலை கம்மியானதை முதல்ல பார்ப்போம்னு பில்டரைக் கழட்டிக் கவுத்தினார். கருப்பா சேறு கொட்டுச்சு. புதுசு மாட்டினதும் முள் 3-க்கு வந்து நின்னுச்சு.

தப்பு என்னோடதுதான். சொட்டுநீர் பில்டரை வாரம் தவறாம கழுவுற நான், கார் பில்டரை வருஷக்கணக்கா தொடவேயில்ல. எப்பவும் ரிசர்வ்லயே வேற ஓட்டுவேன். பம்பைக் குளிரவைக்கிறது டேங்குல இருக்குற பெட்ரோல்தானாம். தண்ணி வத்துன போர்வெல்ல மோட்டார் ஓட்டுவோமா நாம? இப்பல்லாம் கால் டேங்குக்குக் கீழ இறங்க விடுறதில்ல.