டெய்லரின் டூல்!

பி.காம். படித்தவர்களுக்கு ஃப்ரெடரிக் டெய்லரைத் தெரிந்திருக்கும். ஸ்டாப்வாட்ச்சோடு தொழிலாளியின் நிமிடங்களை எண்ணிய அமெரிக்கர். லேத் பட்டறைகளும் அவருக்குக் கடன்பட்டவை என்பது தெரியுமா?

அந்தக் காலத்து டூல், இரும்பைக் கடையும்போது ரொம்பச் சூடேறினால் போச்சு... முனை இளகி மழுங்கிவிடும். 1898-ல் பெத்லஹேம் உருக்காலையில் டெய்லரும் மான்செல் வைட்டும், டங்ஸ்டன் கலந்த டூலைக் கிட்டத்தட்ட உருகும் நிலைவரை காய்ச்சிப் பார்த்தார்கள். கெட்டுப்போக வேண்டிய டூல், முன்னைவிட உறுதியாகிவிட்டது! 1900 பாரிஸ் கண்காட்சியில், முனை செக்கச்செவேலென்று கனன்றபடியே உருக்கைச் சீவித் தள்ளியது. இன்ஜினீயர்கள் அசந்துபோனார்கள்.

டெய்லரின் ஆசையோ வேறு. 26 வருட சோதனைகளை 1906-ல் வெளியிட்டார். என்ன வேகம், எவ்வளவு ஆழம்... எல்லாவற்றையும் கணக்கே சொல்லிவிடும். டர்னர் யோசிக்க வேண்டாம்!

நடந்ததா? திமிரி பக்கம் வீட்டை ஒட்டிய கொட்டகையில் சின்ன லேத் ஓட்டுபவரிடம், தலையில் 12.9 என்று பொறித்த போல்ட்டைக் கொடுத்துப் பாருங்கள். காய்ச்சி இறுக்கிய உருக்கு அது. டெய்லரின் டூலே திணறும். கார்பைடு டிப் மாட்டுவார். கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவார். சுருளின் நிறத்தைப் பார்ப்பார். எப்போது நிறுத்துவது? அதை இன்றும் அவர் காதுதான் சொல்கிறது.