வட்டத்தொட்டியில் கம்பன்

கான்சாபுரத்தார்க்கு அண்மை நகரான திருவில்லிபுத்தூரில் பிறந்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவரது இல்லத்து முற்றத்தில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் கூடிய அவைக்கு ‘வட்டத்தொட்டி’ என்பது பெயர். (வட்டத்திற்குத் தலைமாடு ஏது?)

பெரும்பாலும் கம்பனே பேசுபொருள். எத்தனை பாடல் படித்தோம் என்னும் கணக்கு அங்கில்லை; ஒரே பாடலைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் தாளமும் உணர்ச்சியும் செவியில் நிலைக்கக் கேட்டனர். நீதிபதி எஸ். மகராசன், தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் ஆகியோரின் எழுத்தில் அப்பயிற்சியின் தடம் தெளிவு.

எனினும், சுவை குன்றியவற்றை இடைச்செருகல் என ரசிகமணி விலக்கியதும் சொற்களைத் திருத்தியதும் பதிப்பு நெறிக்கு ஒவ்வா. செவி நல்ல ஆசான், சுவடிக்கு ஈடாகாது.

1954இல் அவர் மறைந்தார். அவ்வவையின் சுவையை இன்று அறிய உதவுவன அன்பர்களின் கட்டுரைகளும், நூலாகியுள்ள அவருடைய கடிதங்களுமே.